ஒலிபெருக்கிக்குப் பயப்படாத மயில்கள்

கார்த்திகை பத்து, வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பணி ஏற்றேன். இரவுப் பணியில் இருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தூக்குவாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாவிகளைச் சரிபார்த்தேன். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கைவிளக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஸ்டேஷனுக்குப் பேசி, போன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அறையைக் கூட்டி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஃபிளாஸ்கில் இருந்த காப்பியை மூடியில் ஊற்றிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு முந்தைய நாளின் காலண்டர் தாளைக் கிழித்தேன். அந்தத் தாளின் பின்பக்கம் எனக்கு. கேட்டைச் சுற்றி அன்றன்று பார்த்த பிராணிகளைப் பற்றி அதில் எழுதுவேன்.

இந்தத் தொடரைப் புதிதாக வாசிக்க வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே, புஞ்சைக் காடுகளுக்கு மத்தியில் உள்ள ஒரு ரயில்வே கேட்டில் நான் கேட் கீப்பர். ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வரும்வரை பெரிதாக வேலை கிடையாது. ஆனால் கேட்டை விட்டு எங்கும் நகரவும் கூடாது. கண் மட்டும் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். அப்படித்தான் இந்தப் பழக்கம் வந்தது.

அன்றைக்கு முதலில் எழுதியது மயில்களைப் பற்றித்தான். 'வழக்கம்போல் உளுந்துக்காட்டில். மேய்ச்சலில் அவசரம் இல்லை.' மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஈரக் கரிசலில் இருந்து ஆவி கிளம்பி, காட்டுக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றது.

அந்த வரியை எழுதிய மூன்று மணி நேரத்துக்குள், அந்த உளுந்துக்காட்டின் சொந்தக்காரர் உயிரோடு இருப்பாரா என்பதே கேள்வியாகிவிட்டது.

பெட்டிக்குள் ஒரு குரல்

அவர் பெயர் குருசாமி. அறுபதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களோடு பேசும்போது எங்களைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் காடு முழுக்க அவர்களுடையது. என் அறை மேற்கே. நடுவில் இரண்டு தண்டவாளம், இரண்டு பக்கமும் கேட்.

உளுந்து பிஞ்சு பிடிக்கத் தொடங்கியதும் மயில் இறங்கும். குருசாமி அண்ணாச்சி காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினார். மயில்கள் சேலைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தன. கேசட் நாடாவைக் கட்டினார். காற்றில் அது 'ஊங்' என்று முழங்கியது. ஒரு வாரம் பலன் இருந்தது. கடைசியில் கோவில்பட்டிக்குப் போய் ஒலிபெருக்கி ஒன்று வாங்கிவந்தார். பேட்டரியில் ஓடுவது. நம் குரலையே பதிந்துவைத்துவிட்டால் விட்டுவிட்டு அதுவாகவே கத்திக்கொண்டிருக்கும்.

காட்டின் நடுவில் கம்பு நட்டு அதைக் கட்டிய அன்று, சத்தம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க என் கேட்டுக்கு வந்து நின்றார். முதலில் 'கர்ர்' என்று ஓர் இரைச்சல். பிறகு அவர் குரல்.

"ஏய்! ஏய்! யாருலே அது! ஓடியாங்கலே... எல்லாரும் ஓடியாங்க!"

"இங்கன கேக்குதாம்மா?"

"நல்லாக் கேக்குது அண்ணாச்சி. எதுக்கு ஆள் கூப்பிடுதீய? மயில வெரட்டத்தான வச்சீய?"

"வெறுமன ஏய் ஏய்னா, தனியா ஒருத்தன் நிக்கான்னு தெரிஞ்சிரும்லா. ஓடியாங்கன்னாத்தான் பின்னால ஊரே வருதுன்னு பயப்படும்."

"மயிலுக்குத் தமிழ் தெரியுமாக்கும்?"

"நம்ம காட்டுல மேயுத மயிலும்மா. தெலுங்கே தெரியும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பழகிப்போதல்

மயில்கள் அந்தப் பெட்டியை எப்படி எடுத்துக்கொண்டன என்பதைத் தினமும் கவனித்தேன். முதல் நாள் குரல் வந்ததும் பதறி ஓடி, காட்டின் கிழக்கு மூலையில் இருக்கும் முள் அடர்ந்த உடைமரக் கூட்டத்துக்குள் ஒளிந்தன. அவற்றுக்கு எப்போதும் அதுதான் பதுங்கும் இடம். இரண்டாம் நாளும் அப்படியே. பிறகு ஓடவில்லை, கழுத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தன. அதற்குப் பிறகு கழுத்தையும் உயர்த்தவில்லை. இரைச்சல் வந்தாலும் குரல் வந்தாலும் அலகு தரையிலேயே இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் மயில். ஆடியில் தோகையெல்லாம் உதிர்த்துவிட்டு, பின்பக்கம் மொட்டையாகத் திரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் அது பறந்து போய் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தது. காலடியில் குருசாமி அண்ணாச்சி "யாருலே அது" என்று கத்துகிறார். அது நிதானமாகச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

இதை அவரிடம் சொன்னபோது, "எந் தலையில ஏறி உக்காந்த மாதிரில்லா இருக்கு" என்றார். ஆனாலும் பெட்டியை எடுக்கவில்லை. பன்றியாவது பயப்படும் என்றார்.

மனிதர்களுக்கும் பழகிப்போனது. தினமும் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே இருந்து என் கேட்டுக்கு வரும். கேட் மூடியிருந்தால் வேனுக்குள் ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். காட்டில் இருந்து "ஓடியாங்கலே" என்று பெட்டி கூப்பிட்டதும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து, "வாரோம் அண்ணாச்சி, வாரோம்!" என்று ராகம் போட்டுப் பதில் சொல்லுவார்கள். அதைத் தொடங்கிவைத்தவள் பேச்சியம்மா. நானும் பல தடவை சிரித்திருக்கிறேன்.

ஜல்லியில் ஒரு குடித்தனம்

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும்.

இந்தக் கேட்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில், தண்டவாளத்துக்குப் பக்கத்து ஜல்லியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் இல்லை. கல்லோடு கல்லாக முட்டை கிடந்தது. லைன் பார்க்க வரும் கீமேன்தான் முதலில் கண்டார். தெரியாமல் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் சுண்ணாம்பு தடவிய கற்களை வைத்தார். "நம்ம ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரயில் வரும்போது அந்தக் குருவி என்ன செய்யும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஹாரன் கேட்டு எழும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ரயில் கண்ணுக்குத் தெரியும் முன்பே, ஹாரனுக்கும் முன்பே, அது எழுந்து இரண்டு எட்டு தள்ளி நிற்கும். கடைசிப் பெட்டி கடந்த உடனே வந்து உட்கார்ந்துவிடும். ஜல்லி அதிர்வது அதன் வயிற்றுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தண்டவாளத்தில் டிராலி தள்ளிக்கொண்டு வந்தால், ஆட்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும், பக்கத்தில் வரும்வரை எழாது.

குஞ்சு பொரித்து அவை போகும்வரை பார்த்தேன். அதில் இருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒரு பிராணி ஓடினால் "பயந்துவிட்டது" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. எதை விட்டு ஓடியது, எந்தப் பக்கம் ஓடியது என்றும் பார்க்கவேண்டும்.

மூடிய கேட்

அந்த வியாழக்கிழமை எட்டரை மணி வாக்கில் கேட்டை மூடினேன். ஒரு பக்கம் கூட்ஸ், எதிர்ப்பக்கம் ஒரு பயணிகள் ரயில். இரண்டும் போனால்தான் திறக்க முடியும். கிழக்குப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்றது. அதற்கு முன்னால், கேட்டை ஒட்டி, ஸ்டீபன்.

ஸ்டீபன் கடற்கரை ஊர்க்காரன். மோட்டார் பைக்கின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்க வருவான். கேட் மூடியிருந்தால் அவனுக்குப் பொறுக்காது.

"கேட்டக்கா! மீனு ஐஸ்ல இருக்கு. நான்லா வெயில்ல கெடக்கேன். கொஞ்சம் பாத்துத் தொறங்க."

"ரெண்டு வண்டி போணும். ஐஸுக்குள்ள நீயும் ஏறி உக்காந்துக்கோ" என்றேன். வேனில் சிரித்தார்கள்.

காட்டில் பெட்டி ஒருமுறை கத்தி ஓய்ந்தது. மயில்கள் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஏய்... ஓடியாங்கலே... ஓடியாங்க..."

"வாரோம் அண்ணாச்சி, வாரோம்!" என்றது வேன்.

அந்த நேரத்தில்தான் மயில்கள் ஓடின.

மேய்ச்சலை விட்டு எல்லாக் கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தன. அடுத்த கணம் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஓட்டம். மொட்டை மயில் சிறகடித்துச் சேலை வேலிக்கு மேலே பறந்தது. அவை உடைமரக் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கு நேர் எதிராக, ரயில் வரும் தண்டவாளத்தைப் பார்த்து வந்தன.

நாள் கணக்கில் அந்தப் பெட்டிக்கு அசையாதவை ஓடுகின்றன. அதுவும் பதுங்கும் இடத்தை விட்டு விலகி ஓடுகின்றன. அப்படியென்றால் அவற்றைப் பயமுறுத்தியது பெட்டி இல்லை. இப்போது வந்த குரல் உடைமரத்துப் பக்கம் இருந்து வந்திருக்கவேண்டும். உடைமரத்தை ஒட்டித்தான் குருசாமி அண்ணாச்சியின் பண்ணைக்குட்டை. மழைத் தண்ணீர் சேர்த்துவைக்க வெட்டிய குளம். தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கச் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தார்கள்.

"ஸ்டீபன்! வண்டிய விட்டுட்டு அந்தக் குட்டைக்கு ஓடு. அண்ணாச்சி கூப்பிடுதாரு!"

"எக்கா, அது ரெக்கார்டுக்கா. தெனமும் கேக்குதோம்லா."

"இது ரெக்கார்டு இல்ல. மயிலு ஓடுது பாரு."

"மயிலு ஓடத்தான செய்யும்? அதுக்குத்தான அவரு வாங்கி மாட்டியிருக்காரு."

"பெட்டிக்கு அது ஓடி எத்தன நாளாச்சு? மேல ஏறில்லா உக்காருது! இன்னைக்கு ஓடுதுன்னா அங்கன ஆளு இருக்குன்னு அர்த்தம். போய்ப் பாத்துட்டு வா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

வேன் ஜன்னலில் இருந்து பேச்சியம்மா தலையை நீட்டினாள். "கேட்டக்கா சாமியாடுதாவ டோய்! ஏ ஸ்டீபன், போய்ட்டுத்தான் வாயேன். எப்படியும் கேட்டு தொறக்கப் போறதில்ல."

ஸ்டீபன் முணுமுணுத்துக்கொண்டே பைக்கை ஸ்டாண்டு போட்டான். வரப்பில் இறங்கி நடந்தான். ஓடவில்லை, நடந்தான். கால் கரிசலில் அப்பி அப்பி எழுந்தது. அவன் பாதிக் காட்டைத் தாண்டியிருப்பான். பெட்டி 'கர்ர்' என்று இரைந்து, "ஏய்! ஏய்! யாருலே அது!" என்று தொடங்கியது. அதே நேரத்தில், அதே குரல், குட்டைப் பக்கம் இருந்து வேறு மாதிரிக் கேட்டது. நீளமாக, இழுத்து, நடுவில் இருமலோடு.

ஒரே மனிதரின் குரல் இரண்டு இடத்தில். வேனில் பேச்சு நின்றது. ஸ்டீபன் ஒரு கணம் நின்றான். திரும்பி பைக்குக்கு ஓடிவந்து, மீன் பெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு ஓடினான்.

பேச்சியம்மா வேனில் இருந்து குதித்தாள். பின்னாலேயே மற்றவர்களும்.

வேகன்களின் இடைவெளியில்

கூட்ஸ் வந்துவிட்டது. நான் பச்சைக் கொடியை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். வண்டியில் ஏதாவது தொங்குகிறதா, சக்கரத்தில் புகை வருகிறதா என்று கடைசி வேகன் வரை பார்க்கவேண்டும். அது என் வேலை. பார்த்தேன். ஆனால் இரண்டு வேகன்களுக்கு நடுவே வரும் இடைவெளியில் கிழக்கே துண்டு துண்டாகத் தெரிந்ததையும் பார்த்தேன். ஒரு துண்டில், சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடும் பெண்கள். இன்னொன்றில், குட்டைக் கரையில் குப்புறப் படுத்திருக்கும் ஸ்டீபன். அடுத்ததில் யாரும் தெரியவில்லை.

அவ்வளவு நீளமான கூட்ஸை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. 'மாதாவே, மாதாவே' என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அது கடந்தபோது, பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நின்று பின்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்து ரயில் குறுக்கே வந்தது. அதன் ஜன்னல்கள் எல்லாம் ஓடி முடிந்தபோது, கரைமேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சேறு அப்பிய ஓர் உருவம் கையை அசைத்துக்கொண்டிருந்தது.

கை அசைந்தது. அதுபோதும் எனக்கு. அறைக்குள் வந்து, ஸ்டேஷனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி, கேட்டைத் திறந்தேன். கிழக்குப் பக்கம் கடந்து வர யாரும் இல்லை. வேன் டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். காட்டின் நடுவே பெட்டி மறுபடி, "ஓடியாங்கலே, எல்லாரும் ஓடியாங்க" என்றது.

"வந்துட்டோம்யா! சும்மா கெட!" என்று ஸ்டீபன் அதைப் பார்த்துக் கத்தினான். இந்தப் பக்கம் வரை கேட்டது.

பிறகு அவன் வந்து சொன்னான். குருசாமி அண்ணாச்சி மோட்டார்க் குழாயின் அடியில் சிக்கிய பாசியை எடுக்க இறங்கியிருக்கிறார். விரிப்பு வழுக்கிவிட்டது. காலில் எலும்பு முறிந்து, கழுத்தளவுத் தண்ணீரில் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். ஏற முயலும்போதெல்லாம் விரிப்பு அவரைத் திருப்பி உள்ளே அனுப்பியிருக்கிறது.

"கொஞ்ச நேரம் போயிருந்தா கைய விட்டிருப்பேன்னு சொன்னாருக்கா. 'வாரோம் வாரோம்'னு நீங்க சத்தம் குடுத்தது எனக்குக் கேட்டுச்சு, ஏன் யாரும் வரலன்னுதான் தெரியலன்னாரு."

பேச்சியம்மா அதைக் கேட்டுவிட்டு, என் அறை வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேனில் ஏறினாள்.

இதற்குள், கயிறு அவிழ்த்த மீன் பெட்டியின் மூடியைக் காக்கைகள் தள்ளித் திறந்திருந்தன. ஒன்று மூடியைப் பிடித்து இழுக்க, மற்றவை உள்ளே தலையைவிட்டு சாளை மீனைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஸ்டீபன் விரட்டவில்லை. "தின்னுங்க. இன்னைக்கு நல்லாத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு என் காப்பியின் மிச்சத்தை வாங்கிக் குடித்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டில்

பணி முடிந்ததும் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினேன். குருசாமி அண்ணாச்சிக்குக் காலில் மாவுக்கட்டு. கட்டில் பக்கத்தில் அவர் மனைவி சீனியம்மா மதினி. என்னைக் கண்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை.

அண்ணாச்சிக்கு வந்தது. "பெட்டிய அணைச்சாச்சா? பேட்டரி தீந்துரும்."

"தேவுடா! பெட்டியாம் பெட்டி!" என்று மதினி அவர் பக்கம் திரும்பினார். "அதக் கொண்டுபோயி அந்தக் குட்டையிலேயே போடணும்."

அண்ணாச்சி சிரிக்க முயன்று, வலியில் முகத்தைச் சுளித்தார். "நாந்தான் கூப்பிடுதேன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? உங்க மயிலுதான் ஓடிச்சு."

அண்ணாச்சி போர்வையை இழுத்து மாவுக்கட்டின் மேல் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்பச் சரி. உளுந்த அதுக தின்னுட்டுப் போகட்டும்" என்றார். மதினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இந்த வருசம் மட்டுந்தான்" என்று உடனே சேர்த்துச் சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு லேசானது. இனி அவர் பிழைத்துக்கொள்வார், பிழைத்து வந்து மயில்களோடு மறுபடி மல்லுக்கட்டுவார் என்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிவிட்டேன். என் நிறுத்தத்தில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

மயில்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவை அண்ணாச்சியைக் காப்பாற்றின என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். அவை தங்கள் உயிருக்குப் பயந்து ஓடின. பெட்டியின் குரலுக்கும் ஆளின் குரலுக்கும் வித்தியாசம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் நான் கண்டது. எங்களுக்கு அது தெரியாமல் போனது என்பதும் கண்டதுதான்.

மறுநாள் காலை

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். விடிந்ததும் முதல் வேலையாகக் குட்டைக்குப் போனேன். ஸ்டீபன் எனக்கு முன்பே வந்திருந்தான். பைக்கில் மீன் பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக, படகில் கட்டும் தடித்த கயிறு ஒரு சுருள். ஆஸ்பத்திரியில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த மதினி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கரையில் குழி தோண்டி, இரும்புக் கம்பம் ஒன்றை இறக்கி, கல் போட்டு இடித்தோம். ஸ்டீபன் கயிற்றில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தான். நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே இதுல விழுதவன் மீன் வாடையோடதான் மேல வரணும்" என்றான்.

கயிற்றைத் தண்ணீருக்குள் இறக்கியதும், பிடித்துப் பார்க்க அவன்தான் முதலில் போனான். மதினி அவனைத் தடுத்தார்.

"நீ கடல்ல கெடக்கவன். நீ ஏறுவ. நான் ஏறுனாத்தான் அவிய ஏறுவாவ."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துச் சரிவில் இறங்கினார். பாதம் வழுக்கியது. முடிச்சைப் பிடித்து நின்றார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அண்ணாச்சி தொங்கிய குழாயை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, முடிச்சு முடிச்சாக ஏறி மேலே வந்தார். மூச்சு வாங்கியது. ஈரச் சேலையைப் பிழிந்தபடி ஸ்டீபனைப் பார்த்துச் சொன்னார்.

"அடியில இன்னும் ரெண்டு முடிச்சு நெருக்கிப் போடுப்பா. அவியளுக்குக் கை கொஞ்சம் கட்டை."

ஸ்டீபன் கயிற்றை மேலே இழுத்து, இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டான்.